வரிச் சீட்டும் வாய்ப்பூட்டும்

பத்திரிகைக்கு வாய்ப்பூட்டுப் போடுதல் என்றவுடன் நம்மவரிற் பலருக்குப் பழைய காட்சி ஒன்றே நினைவுக்கு வரும். போலீசார் அச்சுக்கூடத்தினுள் புகுவர். கோத்த எழுத்துக்களைக் கொட்டிக் கலைப்பர். யந்திரத்துக்கு முத்திரை வைப்பர். ஆசிரியரைச் சிறைக்கு அழைத்துச் செல்வர். அவ்வழி இன்றும் வழக்கொழிந்துவிடவில்லை. எனினும் அதிற் சில சங்கடங்கள் உண்டு. சிறை சென்ற ஆசிரியர் வீரராகிவிடுகிறார். பறிமுதலான இதழ் பன்மடங்கு விலைக்குக் கைமாறுகிறது. வெளிநாட்டார் படம் பிடித்து உலகெங்கும் காட்டிவிடுகின்றனர். ஆகவே இக்காலத்து ஆட்சியாளர் சிலர் வேறொரு வழியைத் தேர்ந்துகொண்டனர். அது வரி இலாகாவின் வழி. கணக்கர் ஒருவர் கையெழுத்திட்ட கடிதமும் அதிற் குறித்த தவணைத் தேதியும் போதும். தடியும் வேண்டாம், விலங்கும் வேண்டாம். இவ்வழியின் இயல்பைக் கம்போடியாவில் நிகழ்ந்தது காட்டுவதுபோல் அவ்வளவு தெளிவாகக் காட்டும் பிறிதொன்றை யான் அறியேன்.

அந்நாட்டின் வரலாற்றைச் சிறிது கூறாமல் மேலே செல்லுதல் இயலாது. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் கூட்டத்தார் ஆண்ட காலத்தில், கொலையாலும் பசியாலும் நோயாலும் மாண்டவர் 15 லட்சத்துக்கும் 20 லட்சத்துக்கும் இடைப்பட்டவர் என்று ஆராய்ந்தோர் மதிப்பிடுகின்றனர். கற்றவர் என்ற வகுப்பே வேரோடு களையப்பட்டது. அச்சுக்கூடம், பள்ளிக்கூடம், நூல் நிலையம் எல்லாம் பாழாயின. பின்னர் உள்நாட்டுப் போர். 1991-ஆம் ஆண்டு அக்டோபரில் பாரிஸ் நகரில் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. ஐக்கிய நாடுகளின் மேற்பார்வையில் 1993 மே மாதம் பொதுத் தேர்தல் நடந்தது. அவ்வாண்டே இயற்றப்பட்ட அரசியற் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, எழுத்துக்கும் பேச்சுக்கும் பத்திரிகைக்கும் சுதந்திரம் வழங்கிற்று. எழுதுவோரும் இல்லை, படிப்போரும் அருகிப் போயினர் என்ற நிலையிலிருந்த ஒரு தேசத்தில் இரண்டு ஆங்கிலப் பத்திரிகைகள் அக்காலத்தேதான் தோன்றின. ஒன்று 1992 ஜூலையில் பிறந்த ‘புனோம் பென் போஸ்ட்’. மற்றொன்று 1993 ஆகஸ்டில் பிறந்த ‘கம்போடியா டெய்லி’. பின்னதைத் தொடங்கியவர் பெர்னார்ட் கிரிஷர் என்னும் அமெரிக்கர். ‘நியூஸ்வீக்’ வார இதழின் டோக்கியோ நிருபராக நெடுங்காலம் இருந்தவர். கம்போடிய இளைஞருக்குப் பத்திரிகைத் தொழிலைக் கற்பிக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களுள் ஒன்று.

2016-ஆம் ஆண்டு என் மகளும் மருமகனும் புனோம் பென் நகரில் குடியிருந்தனர். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன யான் மூன்று திங்கள் அங்கேயே தங்கிவிட்டேன். நாள்தோறும் காலையில் வீட்டுக்கு அண்மையிலிருந்த காப்பிக் கடையில் ‘டெய்லி’யை வாசிப்பது வழக்கமாயிற்று. அளவிற் சிறிய பத்திரிகை. கண்ணைப் பறிக்கும் வண்ணம் இல்லை. நடிகையர் படம் இல்லை. காட்டு மரம் யார் வெட்டுகிறார், ஏரியைத் தூர்த்து வீடு கட்டும் கம்பெனி யாருடையது, வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் எத்தனை என்பனபோன்ற செய்திகளே அதில் நிறைந்திருக்கும். மருமகனுடைய காரியாலயத்தில் கணக்கு எழுதிவந்த கெமர் பெண்ணொருத்தி, தான் ஆங்கிலம் கற்றது பள்ளிக்கூடத்திலன்று, அப்பத்திரிகையிலேதான் என்று பெருமையுடன் கூறினாள். கையில் அகராதி வைத்துக்கொண்டு நாளுக்கு ஒரு செய்தி என்று பத்து வருஷம் வாசித்தாளாம். பல்கலைக்கழகம் செய்யவேண்டிய பணியைச் சில தாள்கள் செய்திருக்கின்றன!

அவ்வாண்டு ஜூலை 7-ஆம் நாள், பிரதம மந்திரி ஹுன் சென்னின் குடும்பத்தாருக்குள்ள வியாபாரப் பங்குகளைக் குறித்து ‘குளோபல் விட்னெஸ்’ என்னும் ஸ்தாபனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கெம் லேய் என்ற அரசியல் விமர்சகர் அதனைப் பற்றி வானொலியில் வெளிப்படையாகப் பேசினார். ஜூலை 10-ஆம் நாள் காலை, பெட்ரோல் நிலையத்துக் காப்பிக் கடையொன்றில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவன் பிடிபட்டு ஆயுள் தண்டனை பெற்றான். கடனைத் திருப்பித் தராததால் சுட்டேன் என்றான். அவ்வாக்குமூலத்தை நம்பியவர் ஒருவரையும் யான் அந்நகரிற் சந்திக்கவில்லை. அன்று மாலை மருமகன் என்னிடம், “மாமா, இனிமேல் கடையிலே உட்கார்ந்து பேப்பரைப் பற்றிச் சத்தமாகப் பேச வேண்டாம்; வீட்டுக்கே வரவழைக்கிறேன்” என்றார். அவர் பயந்த சுபாவமுள்ளவர் அல்லர். ஊரே தணிந்த குரலிற் பேசத் தொடங்கியிருந்தது.

ஆட்சியாளருக்கு இத்துணைக் கலக்கம் ஏன் வந்தது? 2013-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஆளுங்கட்சி 68 இடங்களையே பெற்றது. எதிர்க்கட்சியாகிய கம்போடிய தேசிய மீட்புக் கட்சி 55 இடங்களைக் கைப்பற்றியது. 2017 ஜூன் மாதத்து உள்ளாட்சித் தேர்தலில் எதிர்க்கட்சிக்கு நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட வாக்குக் கிடைத்தது. அடுத்த பொதுத் தேர்தலோ 2018-இல். முப்பதாண்டுகளுக்கு மேல் பிரதம மந்திரியாயிருந்த ஒருவருக்கு இக்கணக்கு விளங்காதிருக்குமா?

2017 ஆகஸ்டில் ‘டெய்லி’க்கு வரி இலாகாவின் கடிதம் வந்தது. பத்தாண்டுக்குரிய வரியும் வட்டியும் அபராதமும் சேர்த்து 63 லட்சம் அமெரிக்க டாலர். செப்டம்பர் 4-ஆம் நாளுக்குள் செலுத்துக என்பது கட்டளை. கணக்கை முறைப்படி தணிக்கை செய்யாமலே இத்தொகையைக் கட்டிவிட்டார்கள் என்றும், பத்திரிகை லாபம் ஈட்டிய ஸ்தாபனமே அன்று என்றும் பத்திராதிபர் முறையிட்டார். இரகசியமாயிருக்க வேண்டிய அக்கடிதமோ அரசாங்கத்துக்கு வேண்டிய இணையச் செய்தி நிலையமொன்றில் முன்னரே வெளியாகிவிட்டது. பிரதம மந்திரி அப்பத்திரிகையைத் திருடன் என்று பொதுமேடையிலேயே அழைத்து, வரியைக் கட்டட்டும், இன்றேல் மூட்டையைக் கட்டட்டும் என்ற கருத்துப்படப் பேசினார். அதே மாதத்தில், வெளிநாட்டுச் செய்திகளை ஒலிபரப்பிவந்த பத்துக்கு மேற்பட்ட வானொலி நிலையங்கள் மூடப்பட்டன. அமெரிக்கத் தேசிய ஜனநாயகக் கழகம் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது.

இங்கே நியாயமான ஒரு வினா எழும். பத்திரிகை நடத்துபவன் வரி செலுத்த வேண்டாமா? கசாப்புக் கடைக்காரனும் சலவைக் கடைக்காரனும் செலுத்துகின்ற வரியைச் செலுத்தாதிருக்க ஆசிரியனுக்கு மட்டும் என்ன விசேஷ உரிமை? ஓர் உரிமையும் இல்லை என்பதே என் அபிப்பிராயம். பத்திரிகைக்காரர் சட்டத்துக்கு மேற்பட்டவர் என்று வாதிப்பவர், பத்திரிகைக்குப் பகைவரேயாவர். கேட்கவேண்டிய கேள்வி வேறு. அவ்வரி எல்லார்மீதும் ஒரே விதமாக வீழ்கிறதா, அல்லது பேசுகிற வாயைத் தேடி வீழ்கிறதா? இவ்வேறுபாட்டை அறிதல் அரிதன்று. 1934-இல் அமெரிக்காவின் லூசியானா மாகாணத்தில், ஹ்யூயி லாங் என்பவருடைய செல்வாக்குக்கு அடங்கிய சட்டசபை ஒரு வரி விதித்தது. வாரத்துக்கு 20,000 பிரதிகளுக்கு மேல் விற்கும் பத்திரிகைகள் தம் விளம்பர வருவாயில் நூற்றுக்கு 2 வீதம் செலுத்த வேண்டும் என்பது அது. பார்வைக்கு நடுநிலையான சட்டம். ஒரு பத்திரிகையின் பெயரும் அதில் இல்லை. ஆனால் அவ்வரம்புக்குள் அகப்பட்டவை 13 பத்திரிகைகள். அவற்றுள் 12 லாங்கை எதிர்த்தவை. 1936-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் ஒருமனதாக அச்சட்டத்தைத் தள்ளிவிட்டனர். அதற்கு முன்னோடி இங்கிலாந்து: 1712-இல் பத்திரிகைகளுக்கு முத்திரை வரி விதித்து, 1815-இல் அதனைப் பிரதிக்கு 4 பென்ஸாக ஏற்றி, ஏழைத் தொழிலாளியின் கைக்குப் பத்திரிகை எட்டாதபடி செய்தது. ‘அறிவின்மீது வரி’ என்று அதனை எதிர்த்துப் பலர் சிறை சென்றனர். 1855-இலேதான் அது ஒழிந்தது. ஆகவே ஹுன் சென் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

தவணைக்கு முந்திய நாள், செப்டம்பர் 3-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், எதிர்க்கட்சித் தலைவர் கெம் சொக்காவை இராஜத் துரோகக் குற்றஞ்சாட்டிக் கைது செய்தார்கள். தம் பத்திரிகையின் கடைசி நாளில் நிருபர்களுக்கு அவ்வாண்டின் மிகப் பெரிய செய்தி கிடைத்தது! அழுதுகொண்டிராமல் அவர்கள் எழுதினார்கள். மறுநாள் வெளிவந்த இறுதி இதழின் முதற்பக்கத்தில், காவலர் நடுவே கெம் சொக்கா அழைத்துச் செல்லப்படும் படமும், அப்பட்டமான சர்வாதிகாரத்துக்குள் நாடு இறங்கிவிட்டது என்ற பொருள்படும் தலைப்பும் இருந்தன. 24 ஆண்டுகள் வாழ்ந்த பத்திரிகை அத்துடன் முடிந்தது. நவம்பர் 16-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் எதிர்க்கட்சியையே கலைத்தது. 2018 ஜூலை 29-இல் நடந்த தேர்தலில் 125 இடங்களில் 125-உம் ஆளுங்கட்சிக்கே கிட்டின. இவ்வளவு துப்புரவான வெற்றி கிட்டுவதற்கு முன்னே வேறு சிலவற்றைத் துப்புரவாக்க வேண்டியிருந்தது.

மூடிய பின்னரும் விடவில்லை. உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் ரத்தனகிரி மாகாணத்துக் கிராமமொன்றுக்குச் சென்று, நீங்கள் யாருக்கு வாக்களிக்க எண்ணுகிறீர்கள் என்று குடியானவர்களைக் கேட்ட ‘டெய்லி’ நிருபர் இருவர்மீது, குற்றத்துக்குத் தூண்டியதாக வழக்குத் தொடர்ந்தார்கள். தேர்தல் காலத்தில் நிருபன் கேட்கக்கூடிய மிக எளிய கேள்வி அது. ‘சுதந்திர ஆசிய வானொலி’யின் முன்னாள் நிருபர் இருவரை 2017 நவம்பரில் ஒற்றர் என்று குற்றஞ்சாட்டிச் சிறையிலிட்டார்கள், ஒன்பது மாதங்களுக்குப் பின்னரே அவர்கள் ஜாமீனில் வெளிவந்தார்கள்.

கம்போடியாவைக் குறித்துக் கை நீட்டுகின்ற நாம் நம் வீட்டை மறந்துவிடலாகாது. 1980-களில் இங்கே ஒரு சிறிய தமிழ் வார இதழில் யான் புரூப் திருத்துபவனாகப் பணியாற்றினேன். 1984-ஆம் ஆண்டின் அச்சக, வெளியீட்டுச் சட்டப்படி, ஒவ்வொரு பத்திரிகையும் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 1987 அக்டோபரில் ‘தி ஸ்டார்’, ‘சின் சியூ ஜிட் போ’, ‘வாத்தான்’ என்னும் மூன்று பத்திரிகைகளின் உரிமங்கள் பறிக்கப்பட்டபொழுது, எங்கள் முதலாளியை ஒருவரும் அழைத்து எச்சரிக்கவில்லை; ஒரு கடிதமும் வரவில்லை. ஆயினும் அடுத்த வாரம் முதல் அவர் நீலப் பென்சில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அச்சேறுமுன் ஒவ்வொரு பத்தியையும் தாமே பார்வையிடத் தொடங்கினார். நல்ல மனிதர், பதினோரு தொழிலாளர் குடும்பங்கள் அவரை நம்பியிருந்தன. ஆண்டுக் கடைசி நெருங்க நெருங்க, அப்பென்சிலின் கோடுகள் தடித்துக்கொண்டே போகும். ஜனவரியில் உரிமம் வந்தபின் சற்று மெலியும். தோட்டப் பாட்டாளிகளின் குடியிருப்பில் நீர்க்குழாய் இல்லை என்ற செய்திகூட டிசம்பர் மாதத்தில் வெளிவராது, பிப்ரவரியில் வரும். குழந்தைகள் அதுவரையில் ஆற்று நீரைக் குடித்தன. பத்திரிகைகள் மூன்றைத் தண்டித்தால் முப்பது தம்மைத் தாமே தண்டித்துக்கொள்ளும் என்பதை ஆள்வோர் அறிவர். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அக்கட்டாயம் 2012-இல் நீக்கப்பட்டது. உரிமம் வேண்டும் என்ற விதி நீங்கவில்லை.

இனி, ‘கவலை’ என்னும் சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். ‘டெய்லி’ மூடப்பட்டபொழுது அமெரிக்க அரசாங்கம் ஆழ்ந்த கவலை தெரிவித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் கவலை தெரிவித்தது. ஸ்தானிகர்களின் பாஷையில் இச்சொல்லுக்குப் படிகள் உண்டு: கவனித்து வருகிறோம், கவலையுறுகிறோம், ஆழ்ந்த கவலையுறுகிறோம், கண்டிக்கிறோம். பாட்டு வாத்தியாரின் ஸ்தாயிகளைப் போலப் படிப்படியாக ஏறும். ஏறியபடியே இறங்கியும் விடும். இது வெறும் சடங்கு என்று நகைப்பவர் பலர். யான் முழுவதும் அவர்கள் கட்சியில் இல்லை. சிறையிலிருக்கும் நிருபனின் மனைவிக்கு, அவன் பெயரைத் தூதரகம் ஒன்று எழுத்தில் வைத்திருக்கிறது என்பது சிறு பொருளன்று. மேலும், அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2018-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு அளித்துவந்த உதவியை நிறுத்தின. ஆயின் என்ன? சீனாவும் ஜப்பானும் உதவி அளித்தன. வாக்குப் பெட்டிகளுக்குக் குறைவில்லை.

சொல்லோடு நில்லாமல் செயலில் இறங்கியது ஐரோப்பிய ஒன்றியம். ஆயுதம் நீங்கலாக மற்றெல்லாப் பொருள்களையும் சுங்கமின்றி இறக்குமதி செய்ய ஏழை நாடுகளுக்கு அளிக்கும் சலுகையில் ஒரு பகுதியை 2020 பிப்ரவரியில் கம்போடியாவிடமிருந்து திரும்பப் பெற முடிவு செய்தது. ஆகஸ்ட் 12-ஆம் நாள் அது அமுலுக்கு வந்தது. ஐரோப்பாவுக்குச் செல்லும் ஏற்றுமதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கோடி யூரோ அளவிலான வியாபாரம், சுங்கத்துக்கு உட்பட்டது. சில வகை ஆடைகளும் காலணிகளும், பயணப் பைகளும், சர்க்கரையும் அதில் அடங்கின. தையல் யந்திரத்தின்முன் குனிந்திருப்பவள் யார்? மந்திரியின் மகளா? நாட்டுப்புறத்திலிருந்து வந்து பத்துப்பேர் கூடி ஓர் அறையில் வாழும் ஏழைப் பெண். அவள் ஒரு பத்திரிகையையும் மூடவில்லை. பல்லில்லாத கவலை ஆள்வோரைக் கடிப்பதில்லை. பல்லுள்ள கவலையோ பல சமயங்களில் ஆளப்படுவோரையே கடிக்கிறது. இச்சிக்கலுக்கு விடை எளிதன்று. ஆயினும், அதிகாரிகளுக்கு விசா மறுப்பது போன்ற வழிகளே, அமெரிக்கா 2017 டிசம்பரில் சிலர்மீது செய்ததுபோல், சற்று நேர்மையானவை என்று எனக்குத் தோன்றுகிறது. குற்றம் செய்தவனுக்கே அங்கு இடர் உண்டு.

கவலைப்படுகிறவர்களின் யோக்கியதையும் கவனிக்கத்தக்கது. 2017 பிப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்பின் அலுவலகம் சில பத்திரிகைக்காரரை உள்ளே விடாமல் தடுத்தது. சில தினங்களுக்குள் கம்போடிய அரசாங்கத்தின் பேச்சாளர் அதனையே மேற்கோள் காட்டித் தம் நாட்டிலுள்ள வெளிநாட்டுச் செய்தி நிலையங்களை எச்சரித்தார். 2023 பிப்ரவரியில், ஜனநாயகத்தின் குரல் என்னும் பெயருடைய ‘வி.ஓ.டி.’ செய்தி நிலையத்தின் உரிமம் பறிக்கப்பட்டது. துருக்கி நாட்டுப் பூகம்பத்துக்கு உதவி வழங்கும் விஷயத்தில் பிரதம மந்திரியின் மகன் தந்தைக்குப் பதிலாகக் கையெழுத்திட்டார் என்று அது எழுதியிருந்ததே காரணம். நிலையத்தார் வருத்தந் தெரிவித்துக் கடிதம் எழுதியும் பயனில்லை. தூதரகங்கள் மறுபடியும் கவலையுற்றன. அம்மகனாகிய ஹுன் மானெத் அவ்வாண்டு ஆகஸ்டில் பிரதம மந்திரியானார். 2025 மார்ச்சில் அமெரிக்க அரசாங்கமே ‘அமெரிக்காவின் குரல்’, ‘சுதந்திர ஆசிய வானொலி’ இரண்டுக்கும் பணத்தை நிறுத்த முற்பட்டபோது, ஹுன் சென் டிரம்புக்குப் பகிரங்கமாகப் பாராட்டுத் தெரிவித்தார். தாம் 2017-இல் பாதி முடித்த வேலையை வாஷிங்டன் நகரமே முடித்துத் தருகிறது என்றால் பாராட்ட மாட்டாரா?

வெளியாரின் துணையைவிட உள்நாட்டு நீதிமன்றத்தின் துணை பெரிது என்பதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டு ‘ராப்ளர்’ சான்று. அதன்மீதும் அதன் தலைவி மரியா ரெஸ்ஸாமீதும் தொடரப்பட்ட வரி வழக்குகள் ஐந்து. 2023 ஜனவரியில் நான்கிலும் செப்டம்பரில் எஞ்சிய ஒன்றிலும் நீதிமன்றங்கள் அவர்களை விடுதலை செய்தன. அவ்வம்மையாருக்கு 2021-இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்திருந்தது உண்மை. ஆயினும் கணக்கேட்டைப் பிரித்துப் பார்த்துத் தீர்ப்பெழுத ஒரு நீதிபதி இருந்தார் என்பதே முக்கியம். புனோம் பென் நகரில் முறையிடுவதற்குரிய நாற்காலி இருந்தது. அதில் அமர்ந்தவர் யார் பக்கம் என்பதை எதிர்க்கட்சி கலைக்கப்பட்ட நாளில் நாடு கண்டது.

நமக்கு நெருங்கிய விஷயத்தை இறுதிக்கென்று வைத்திருந்தேன். ‘டெய்லி’ மறைந்தபின் எஞ்சியது ‘புனோம் பென் போஸ்ட்’. அதற்கும் வரிச் சீட்டு வந்தது: 39 லட்சம் டாலர். 2018 மே மாதம், அதன் ஆஸ்திரேலிய உரிமையாளர் பத்திரிகையை விற்றுவிட்டார். வரித் தொல்லையும் அத்துடன் தீர்ந்ததாம். வாங்கியவர் நம் மலேசியாவைச் சேர்ந்த ஒரு வியாபாரி. அவர் நடத்திவந்த மக்கள் தொடர்பு ஸ்தாபனம், ஹுன் சென் ஆட்சிப் பீடம் ஏறுவதற்கான பணியைத் தன் பழைய அலுவல்களுள் ஒன்றாகத் தன் இணையதளத்திலேயே குறித்திருந்தது. ‘போஸ்ட்’ நிருபர்கள் தங்கள் பத்திரிகையின் விற்பனையைப் பற்றித் தாங்களே செய்தி எழுதினார்கள்; இவ்விவரத்தையும் எழுதினார்கள். அச்செய்தியை எடுத்துவிடும்படி புதிய உரிமையாளர் தரப்பார் கட்டளையிட்டனர். தலைமை ஆசிரியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவரைத் தொடர்ந்து ஆசிரியர் குழுவிற் பலர் தாமே விலகினர். பத்திரிகைச் சுதந்திரத்தை மதிப்போம் என்று புதிய உரிமையாளர் உறுதி கூறியிருந்தார். ‘போஸ்ட்’ அதன்பின் ஆறு ஆண்டுகள் அச்சில் வந்தது. 2024 மார்ச் மாதத்துடன் காகிதப் பதிப்பு நின்றது.

மருமகனின் பழைய காரியாலயத்துப் பெண் இன்றும் எனக்கு எழுதுவதுண்டு. அவ்விற்பனை நடந்த வாரத்தில் அவள் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. உங்கள் ஊர்க்காரர் எங்கள் பத்திரிகையை வாங்கியதைப் பற்றி உங்கள் ஊர்ப் பத்திரிகைகள் என்ன எழுதின என்று கேட்டிருந்தாள். குற்றஞ்சாட்டும் தொனியில் அன்று, அறியும் ஆவலுடன். யான் கிடைத்தவற்றைத் தேடி எடுத்தேன். பெரும்பாலானவை வெளிநாட்டுச் செய்தி ஸ்தாபனங்களிடமிருந்து வந்தவற்றை அப்படியே பிரசுரித்தவை. யான் வழக்கமாக வாசிக்கும் பத்திரிகைகளில் தலையங்கம் ஒன்றையும் காணவில்லை. இருந்தவற்றை ஆங்கிலத்தில் ஒழுங்குபடுத்தி, அவள் அகராதி இல்லாமல் வாசிக்கும்படி எளிதாக்கி, ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். அவ்வளவுதானா என்று கேட்டு ஒரு வரி பதில் வந்தது.